மலையேறிய சர்க்கார்

பிழைப்பின் பொருட்டுச் சொந்த மாநிலத்தை விட்டு வந்து வாழும் நம்மவர்களுக்கு ஊர் மாற்றம் என்பது புதிய அனுபவமன்று. மாற்றல் உத்தரவு கைக்கு வந்த அன்றே வீட்டில் ஒரு விசாரணை தொடங்கிவிடுகிறது. எதை உடன் கொண்டு செல்வது, எதை விற்பது, எதை எவரிடம் ஒப்படைப்பது என்பதே அவ்விசாரணை. ஆட்டுக்கல்லும், பாட்டி கொடுத்த பித்தளை அண்டாவும், பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகங்களும் தத்தம் வழக்கை நம்முன் எடுத்துரைக்கின்றன. இந்நாளில் டில்லி, மும்பை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் மாத வாடகை பெற்றுக்கொண்டு வீட்டுச் சாமான்களைப் பூட்டிக் காத்துத் தரும் கிடங்குகள் தோன்றியிருக்கின்றன. சிறியதொரு மலையூருக்கு மாற்றலாகிச் செல்பவர், அங்கே கிடைக்கும் இரண்டு அறை வீட்டில் அடங்காதவற்றை இத்தகைய கிடங்கில் வைத்துவிட்டு, சாவியுடன் மலையேறுகிறார்.

இது நம் காலத்துப் புதுமை என்று தோன்றக்கூடும். ஆயினும் இதே விசாரணையை ஒரு பேரரசே ஆண்டுக்கு இருமுறை, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் நடத்திவந்தது. சமவெளியில் இருந்த தலைநகருக்கும் இமயமலைச் சாரலில் இருந்த சிம்லாவுக்கும் இடையே தன் அலுவலகங்களைப் பெட்டியில் கட்டி எடுத்துச் சென்ற அச்சர்க்காரின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

கூர்க்கர்களுடன் நிகழ்ந்த போர் 1816இல் முடிவுற்ற பின்னரே சிம்லாப் பகுதி ஆங்கிலேயர் கண்ணில் பட்டது. 1822இல் கேப்டன் கென்னடி என்னும் அதிகாரி அங்கே நிலையான வீடொன்றைக் கட்டினார். 1827இல் கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட் பிரபு கோடையைக் கழிக்க அங்கு வந்தார். பின்னர் வந்த ஆக்லண்ட் பிரபு 1837ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டு வசந்தத்தில் சிம்லாவை அடைந்தார். அவருடைய பயண முகாமில் ஏறத்தாழ 12,000 பேர் இருந்தனர் என்பர். நூற்றுக்கணக்கான ஒட்டகங்களும் யானைகளும் கூடாரங்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் சுமந்து சென்றன. அந்தக் குளிர்ந்த மலையிலிருந்தே 1838 அக்டோபரில் ஆப்கானிஸ்தானத்தின் மீது படையெடுக்கும் பிரகடனம் வெளியாயிற்று. 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய அப்படை வழியிலேயே அழிந்தது. மலைமேல் எழுதப்பட்ட ஒரு தாளின் விலையைக் கீழே நின்றவர்கள் கொடுத்தனர்.

இவ்வாறு அவ்வப்போது நிகழ்ந்த பயணத்தை நிலையான ஏற்பாடாக ஆக்கியவர் 1864இல் வைசிராய் பதவி ஏற்ற ஸர் ஜான் லாரன்ஸ். கல்கத்தாவில் பல நாட்களில் முடிக்கும் வேலையை மலையில் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பது அவருடைய வாதம். அந்த ஆண்டு முதல் சிம்லா கோடைத் தலைநகராயிற்று. சித்திரை பிறக்கும் சமயத்தில் சர்க்கார் மலையேறும். ஐப்பசி வாக்கில் இறங்கும். கணக்கிட்டுப் பார்த்தால், ஆண்டின் பெரும்பகுதி நாட்டின் ஆட்சி நடந்த இடம் கோடைத் தலைநகர் என்று அழைக்கப்பட்ட அச்சிறு மலையூரே ஆகும்.

கல்கத்தாவுக்கும் சிம்லாவுக்கும் இடையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைல் தூரம். 1891இல்தான் ரயில் பாதை மலையடிவாரத்திலுள்ள கால்காவை எட்டியது. அங்கிருந்து 60 மைலுக்குச் சற்றே குறைந்த மலைப் பாதையில் டோங்கா என்னும் குதிரை வண்டியில் அதிகாரிகள் சென்றனர். பெட்டிகளோ மாட்டு வண்டியிலும், கோவேறு கழுதை மீதும், மனிதர் முதுகிலும் சென்றன. 1903 நவம்பரில் கால்கா சிம்லா ரயில் திறக்கப்பட்டது. இரண்டரை அடி அகலமே உள்ள அந்தச் சிறு பாதை, 96 கிலோமீட்டர் தூரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்களையும் 800க்கு மேற்பட்ட பாலங்களையும் கடந்து, கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரத்தில் உள்ள கால்காவிலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. இன்று உலகப் பாரம்பரியச் சின்னமாக நாம் வியந்து காணும் இப்பாதையின் தலையாய பணிகளுள் ஒன்று, சர்க்காரின் கோப்புகளை ஏற்றி இறக்குவதாக இருந்தது.

கோப்புகளை எடுத்துச் செல்வதென்பது எளிய காரியமன்று. அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நாம் இதை நன்கு அறிவோம். ஒரு கடிதத்துக்கு விடை எழுத வேண்டுமானால் அதற்கு முந்திய கடிதம் வேண்டும். அதற்கும் முந்திய தீர்மானம் வேண்டும். தேவைப்படும் என்று எண்ணியது பெட்டியிலேயே கிடக்கும். தேவைப்படாது என்று விட்டுவந்ததே மறுநாள் கேட்கப்படும். நடப்பிலுள்ள கோப்புகளை எடுத்துச் சென்று, பழைய தஸ்தாவேஜுகளைத் தலைநகரின் ரிக்கார்டு அறைகளில் பூட்டிவைப்பதே பொது வழக்கமாக இருந்தது. நாளடைவில் அவ்வறைகள் நிரம்பி வழிந்தன. 1891 மார்ச்சில் கல்கத்தாவில் இம்பீரியல் ரிக்கார்டு இலாகா நிறுவப்பட்டது. பல இலாகாக்களிலும் சிதறிக் கிடந்த பழைய ஆவணங்களை ஓரிடத்தில் சேர்த்து, வரிசைப்படுத்திக் காப்பது அதன் பணி. தலைநகர் டில்லிக்கு மாறிய பின், 1926இல் புது டில்லியில் அதற்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது. 1937இல் ஆவணங்கள் அனைத்தும் அங்கு வந்து சேர்ந்தன. அதுவே இன்றைய தேசிய ஆவணக் காப்பகம்.

சிம்லாவிலும் கோப்புகளுக்காகவே பெருங் கட்டடங்கள் எழுந்தன. மரத்தால் கட்டிய மலை வீடுகளில் தீ அஞ்சத்தக்க பகை. ஆகவே 1890களின் பிற்பகுதியில் இரும்பையும் எஃகையும் கொண்டு ஓர் அலுவலகக் கட்டடம் அமைக்கப்பட்டது. ரயில்வே போர்டு கட்டடம் என்று அதற்குப் பின்னாளில் பெயர் வழங்கலாயிற்று. 1904இல் கார்ட்டன் காஸில் என்னும் கல் மாளிகை தலைமைச் செயலகமாயிற்று. வைசிராயின் மாளிகை 1888இல் முடிவுற்றது. அதனை அமைத்த ஹென்றி இர்வின் என்பவரே சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தை நிறைவேற்றியவர். எழும்பூரிலுள்ள விக்டோரியா நினைவு மண்டபமும் அவர் கைவண்ணமே. சென்னையைப் பார்த்த கண்ணுடன் சிம்லாவுக்குச் செல்லும் தமிழர், இரு கட்டடங்களுக்கும் ஒருவரே சிற்பி என்பதை நினைவிற் கொள்ளலாம்.

நம் தென்னாட்டிலும் இவ்வழக்கம் பரவாமல் இல்லை. சென்னை மாகாண சர்க்கார் கோடையில் உதகமண்டலத்துக்கு ஏறியது. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் மலை ரயில் 1899இல் குன்னூரையும், 1908இல் உதகையையும் அடைந்தது. உதகையின் ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில் இயங்கிய அலுவலகங்கள் ஓய்ந்த பின், 1955 முதல் அங்கே அரசு கலைக் கல்லூரி நடந்துவருகிறது. கோப்புகள் இருந்த கூடங்களில் மாணவர் குரல் ஒலிப்பது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே.

பெரிய உத்தியோகஸ்தருக்குச் சிம்லாவில் தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடிய வீடுகள் பருவ வாடகைக்குக் கிடைத்தன. குளிர்காலத்தில் அவ்வீடுகள் காவற்காரர் பொறுப்பில் பூட்டிக் கிடக்கும். குமாஸ்தாக்களின் நிலையோ வேறு. 1911 டிசம்பரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 1912இல் சர்க்கார் டில்லிக்கு வந்தபோது, வங்காளத்தாருடன் தென்னாட்டவரும் செயலகத்தில் ஊழியம் புரிந்தனர். மலையேறும் குமாஸ்தாவுக்குப் படி ஒன்று கிடைத்ததாயினும், ஆண்டுக்கு இரண்டு குடித்தனம் நடத்தும் சுமை அதனால் தீர்ந்துவிடவில்லை. குடும்பத்தை உடன் அழைத்துச் சென்றால் பிள்ளைகளின் படிப்பு ஆண்டின் நடுவே முறியும். விட்டுச் சென்றால் வீடு இரண்டுபடும். சர்க்கார் ஊழியரின் பிள்ளைகளுக்கான பள்ளிகளே டில்லிக்கும் சிம்லாவுக்கும் இடையே மாறி மாறி நடந்த காலமும் உண்டு. ஆண்டு இவ்வாறு இரண்டாகப் பிளந்து கிடந்த அக்காலத்திலேதான், 1923இல், டில்லியில் மதராஸி கல்விச் சங்கம் தோன்றியது. இன்று பல பள்ளிகளை நடத்தும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் வேர் அது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்த தலைமுறைதான் பிள்ளைகளுக்காக நிலையான பள்ளியை விரும்பியது.

இவ்வளவு சுமையும் யார் தோளில் ஏறியது என்று கேட்பது நம் கடமை. சிம்லாவின் தெருக்களில் வண்டியிற் செல்லும் உரிமை வைசிராய் உள்ளிட்ட மிகச் சிலருக்கே இருந்தது. ஏனையோர் மனிதர் இழுக்கும் ரிக்ஷாவில் சென்றனர். சுற்றியிருந்த மலை நாடுகளில் ‘பேகார்’ என்னும் வெட்டி வேலை முறை நிலவியது. அதிகாரியின் மூட்டைகளைக் கூலியின்றியோ அற்பக் கூலிக்கோ ஊரார் சுமக்க வேண்டும். விதைப்பும் அறுப்பும் நடக்கும் நாளாயினும் அழைப்பு வந்தால் வயலை விட்டு ஓட வேண்டும். கோட்கட் என்னும் ஊரில் குடியேறி வாழ்ந்த அமெரிக்கர் ஸாமுவேல் ஸ்டோக்ஸ் இக்கொடுமையை எதிர்த்து 1921இல் மக்களைத் திரட்டினார். அவ்வட்டாரத்தில் கட்டாயச் சுமை முறை தளர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் தேசிய இயக்கத்தில் ஈடுபட்டதற்காக அவர் சிறையும் சென்றார். பின்னர் ஸத்யானந்தர் என்னும் பெயர் ஏற்ற அவரே இமாசலத்தின் ஆப்பிள் தோட்டங்களுக்கும் வித்திட்டவர்.

அதே 1921ஆம் ஆண்டில் சிம்லாவைக் கண்டு வந்த காந்தியடிகள், ஐந்நூறாவது மாடியில் அமர்ந்து ஆட்சி செய்யும் சர்க்கார் என்று இவ்வேற்பாட்டைக் கடிந்து எழுதினார். கடைக்காரன் அத்தனை உயரத்தில் கடை வைத்தால் வாங்குவோர் எவ்வாறு ஏறி வருவர் என்பது அவர் கேள்வி. கல்கத்தாவின் வணிகர்களும் பத்திரிகைகளும் முந்திய நூற்றாண்டிலேயே இப்பயணத்தின் செலவைக் கண்டித்திருந்தனர். ஆயினும் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேதான் இவ்வழக்கம் ஓய்ந்தது.

சர்க்கார் இறங்கிய பின்னும் சிம்லா வெறுமையாகிவிடவில்லை. 1947இல் லாகூரை இழந்த கிழக்குப் பஞ்சாப் சர்க்கார், 1953இல் சண்டிகர் செல்லும்வரை அங்கே தங்கியது. 1971 ஜனவரியில் இமாசலப் பிரதேசம் முழு மாநிலமானபோது சிம்லா அதன் தலைநகராயிற்று. வைசிராய் மாளிகையில் 1965 முதல் உயர் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. கார்ட்டன் காஸில் கணக்குத் தணிக்கை அலுவலகமாயிற்று. எந்தத் தீக்கு முன்னோர் அஞ்சினரோ, அத்தீயால் 2014இல் அதன் மேல்தளம் பெருஞ்சேதமுற்றது.

இத்தகைய இடப்பெயர்ச்சி ஜம்மு காஷ்மீரத்தில் நெடுங்காலம் நீடித்தது. 1872இல் மகாராஜா ரண்பீர் ஸிங் காலத்தில் தொடங்கிய ‘தர்பார்’ பெயர்ச்சியில், கோப்புகள் லாரிகளில் ஏறி ஆண்டுக்கு இருமுறை ஸ்ரீநகருக்கும் ஜம்முவுக்கும் இடையே சென்றன. கோப்புகள் மின்னணு வடிவம் பெற்றதைக் காரணமாகக் கூறி 2021இல் இது நிறுத்தப்பட்டது. ஆனால் வாணிபம் குறைந்ததென்று ஜம்முவின் கடைக்காரர்கள் முறையிட்டனர். இரு பகுதி மக்களும் ஒருவரையொருவர் அறிய இதுவே வழி என்ற குரலும் எழுந்தது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வழக்கம் மீண்டும் தொடங்கியது. பெட்டிகளோடு மனிதரும் இடம் பெயர்கின்றனர் என்பதை அச்செய்தி உணர்த்துகிறது.

நம் வீடுகளில் மீண்டும் ஒரு மாற்றல் உத்தரவு வரத்தான் போகிறது. கிடங்குக்குச் செல்வது எது, உடன் வருவது எது என்ற விசாரணையும் நடக்கத்தான் போகிறது. அப்போது இரண்டு செய்திகளை மறவாதிருப்போம். நாம் கட்டிவைக்கும் ஒவ்வொரு மூட்டையையும் எவரோ ஒருவர் சுமக்கிறார். அவருக்குரிய கூலியும் மரியாதையும் குறைவின்றிச் சேர வேண்டும். பூட்டி வைக்கும் பெட்டியின்மேல், அதில் உள்ளவை இன்னவை என்று எழுதி ஒட்டிவைப்பதும் நலம். பேரரசு அந்தப் பாடத்தைக் கற்கப் பல ஆண்டுகள் ஆயின. நமக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.