மண்ணுக்கடியில் ஒரு வள்ளலின் பெயர்

ஈ.வெ.ரா. பெரியார் சாலைக்கு அடியில், கீழ்ப்பாக்கத்துக்கும் செனாய் நகருக்கும் நடுவே இருக்கிறது பச்சையப்பன் கல்லூரி மெட்ரோ நிலையம். 2017 மே 14 அன்று திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை சென்னையின் முதல் சுரங்க மெட்ரோ ஓடத் தொடங்கியபோது இதுவும் திறக்கப்பட்டது. கல்லூரி இருக்கும் சேத்துப்பட்டின் பெயரைப் புறநகர் ரயில் நிலையம் முன்பே தாங்கி நிற்க, மெட்ரோ நிலையம் கல்லூரியின் பெயரை ஏற்றது. கல்லூரிக்கு அந்தப் பெயர் வந்த கதை இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது.

பச்சையப்ப முதலியார் 1754இல் பிறந்தவர். அவர் பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். பிறர் ஆதரவில் வளர்ந்த அந்தப் பிள்ளை, ஆங்கிலேயருக்கும் உள்ளூராருக்கும் இடையே பேச்சும் கணக்கும் நடத்தும் துபாஷ் ஆனார், பெருஞ்செல்வம் சேர்த்தார். கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்த நாளில் கூவத்தில் நீராடிவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார் என்பார்கள். இன்றைய கூவத்தைப் பார்ப்பவர்களுக்கு நெஞ்சு கனக்கும் செய்தி அது. 1794இல் திருவையாற்றில் இறந்தார். வயது நாற்பதுதான். இறப்பதற்குச் சில நாள் முன்பு, கோயில் பணிகளுக்கும் அறங்களுக்கும் தன் சொத்தை உயில் எழுதி வைத்தார்.

அவருக்குப் பின் அந்தப் பணம் வழக்குகளில் சிக்கிப் பல்லாண்டுகள் முடங்கியது. அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத்தில் அதை மீட்கப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். உயிலில் சொன்ன சமய அறங்களுக்கு ஒதுக்கியது போக, வட்டியோடு வளர்ந்து நின்ற மிச்சத்தைக் கல்விக்குச் செலவிட வழி பிறந்தது. 1842இல் பிராட்வேயில் பள்ளி தொடங்கிற்று. பச்சையப்பர் கண்ணால் காணாத பள்ளி அது. அவர் மறைந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்நிய மிஷனோ அரசோ நடத்தாமல், இந்தியர் ஒருவர் விட்டுச்சென்ற பொருளில் இந்தியர்களே அறங்காவலராக இருந்து நடத்திய பள்ளி என்பதே, என் மதிப்பில், அதன் முதற்பெருமை. 1947 வரை இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1850இல் எஸ்பிளனேடில், கிரேக்கக் கோயிலைப் போன்ற தூண்களோடு பச்சையப்பன் மண்டபம் எழுந்தது. பள்ளி 1889இல் கல்லூரியானது. 1940இல்தான் ஜார்ஜ் டவுனிலிருந்து சேத்துப்பட்டுக்கு வந்தது. ஆகவே இந்த மெட்ரோ நிலையத்தில் இறங்கி, "ராமானுஜன் படித்த இடம்" என்று வளாகத்தைச் சுட்டிக்காட்டுவது பொருந்தாது. கணித மேதை ராமானுஜன் படித்ததும், அண்ணா பொருளாதாரம் பயின்றதும் ஜார்ஜ் டவுனில் கல்லூரி இருந்த காலத்தில். 2020இல் ஆலந்தூர் நிலையத்துக்கு அறிஞர் அண்ணா பெயரை அரசு சூட்டியது. ஆக, மாணவரின் பெயரும் அவர் படித்த கல்லூரியின் பெயரும் இன்று ஒரே பச்சை வழித்தடத்தில் இருக்கின்றன.

அரசாணையால் வந்த பெயரைவிட, மக்கள் வாயில் புழங்கி நிலைத்த பெயரே எனக்கு உயர்வாகப் படுகிறது. "பச்சையப்பாஸ்ல இறங்கணும்" என்று பேருந்தில் சீட்டு வாங்கிய தலைமுறைகள் மெட்ரோவுக்கு விட்டுச்சென்ற பெயர் இது. ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பதை நாள்தோறும் வந்துபோகும் இளைஞர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். நுழைவாயிலில் பச்சையப்பரின் வாழ்வையும் உயிலின் வரலாற்றையும் பத்து வரிகளில் எழுதி, பழைய மண்டபத்தின் படத்தோடு ஒரு பலகை வைக்க மெட்ரோ நிர்வாகம் முன்வர வேண்டும். இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி என்.எஸ்.சி. போஸ் சாலைக்குச் சென்று, அந்த மண்டபத்தின் தூண்களை ஒருமுறை நேரில் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.