நிரல்வரியின் நீள வரம்பு

நிரலில் ஒரு வரி இத்தனை எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்று நடைக் கையேடுகள் விதிக்கும் கட்டுப்பாடு. நெடுங்காலம் அந்த எண் 80. வாசிப்பவரின் கண்ணை அளந்து வைத்த எண் அல்ல அது. 1928இல் ஐ.பி.எம். கொண்டுவந்த துளையட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன; பின்னாளில் நிரலை வரிக்கோர் அட்டையாக அதில் துளைத்தார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவில் துளையட்டை வேரூன்றிய இடங்களில் கொல்கத்தாவுக்குத் தனியிடம் உண்டு. புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில், கணினி வரும் முன்பே ஹாலரித் பொறிகள் அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தன. வயதுக்கு இரண்டு நெடுவரிசை, தொழிலுக்கு இத்தனை என்று அட்டையின் இடத்தை முன்கூட்டியே பங்கிட்டாக வேண்டிய வேலை அது. நாட்டின் முதல் எண்முறைக் கணினியான ஹெச்.இ.சி.-2எம் 1956இல் அங்கேதான் இயங்கத் தொடங்கியது. அதைச் செய்து அனுப்பியதும் ஹாலரித் அட்டைப் பொறிகளை விற்றுவந்த பிரிட்டிஷ் நிறுவனமே.

அட்டையின் கறார் முழுதாக வெளிப்பட்டது 1957இல் வந்த ஃபோர்ட்ரான் நிரல்மொழியில். முதல் ஐந்து நெடுவரிசைகள் வரி அடையாள எண்ணுக்கு. ஆறாவதில் குறியிட்டால் முந்தைய வரியின் தொடர்ச்சி. கட்டளைக்கு 7 முதல் 72 வரை. மீதி எட்டில் அட்டையின் வரிசை எண்ணைத் துளைத்தார்கள். கட்டு கீழே விழுந்து கலைந்தால் அடுக்க அதுவே துணை. ஒரு கட்டளையின் கடைசியில் வரும் 1250இன் பூஜ்யம் 73ஆம் நெடுவரிசையில் விழுந்துவிட்டால் கணினி 125 என்றே கணக்குப் போடும். பிழைச் செய்தி வராது.

அட்டைகள் ஒழிந்தும் அகலம் ஒழியவில்லை. 1978இன் விடி100 முனையமும் 80 நெடுவரிசைத் திரையோடுதான் வந்தது. 2001இல் எழுதப்பட்ட பைத்தானின் பெப் 8 கையேடு 79 என்றது. லினக்ஸ் கருநிரலின் சோதனைக் கருவி 2020இல் எச்சரிக்கை எல்லையை 100 ஆக்கியது. 80க்காக வரிகளை வலிந்து முறிப்பது வாசிப்பைக் கெடுக்கிறது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் வாதம். ஆயினும் கருநிரலின் நடைக் கையேடு 80ஐயே விரும்பத்தக்க அளவாக வைத்திருக்கிறது. கோ மொழியின் கையேட்டில் வரம்பே இல்லை.

எண் எதுவானாலும் வரம்பு தேவைதான். நீண்ட வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் கண் தடம் மாறுகிறது. அச்சுக்கலையில் 45 முதல் 75 எழுத்துகள் வரை வசதியான அளவாகக் கொள்வது இதனால்தான். பழைய நிரலையும் திருத்தியதையும் அருகருகே வைத்துச் சரிபார்ப்பவருக்குக் குறுகிய வரி பெரும் உதவி. மடிப்புக்குள் மடிப்பாக நிபந்தனைகளை அடுக்கினால் வரி வலப்புறம் நகர்ந்துகொண்டே போய் எல்லையை முட்டும். அங்கே வரியை உடைப்பதைவிட, உள்ளிருக்கும் வேலையைத் தனிச் செயற்கூறாகப் பிரிப்பதே சரியான தீர்வு.

தமிழிலோ வங்காளத்திலோ நிரற்குறிப்பு எழுதுவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ‘கி’ நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் இரண்டு குறியீடுகள். வங்கக் கூட்டெழுத்துகளில் பல, மூன்று குறியீடுகள் சேர்ந்தவை. பைத்தானின் நடைச் சோதனைக் கருவிகள் சில குறியீடுகளையே எண்ணுவதால், திரையில் இடம் மிச்சமிருக்கும்போதே தமிழ் வரி 79ஐத் தாண்டிவிட்டதாக எச்சரிக்கை வருகிறது.