கூட்டைப் பார்த்திருத்தல்: வெண்தலைக் கழுகும் நேரலைக் கேமராவும்

கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கிழக்கே சான் பெர்னார்டினோ மலையில், பிக் பேர் என்றோர் ஏரி இருக்கிறது. அதன் அருகேயுள்ள காட்டில் ஒரு ஜெஃப்ரி பைன் மரத்தின் மேல், சுமார் 145 அடி உயரத்தில், கழுகுக்கூடு ஒன்று அமைந்துள்ளது. அக்கூட்டை நோக்கி 2015-ஆம் ஆண்டு ஓர் உள்ளூர் இயற்கை ஆர்வலர் அமைப்பு கேமரா ஒன்றைப் பொருத்தியது. ஜாக்கி என்றும் ஷாடோ என்றும் பெயரிடப்பட்ட இணையொன்று அங்கே முட்டையிடுவதையும் அடைகாப்பதையும் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இணையத்தில் பார்த்துவருகின்றனர். 2024-ஆம் ஆண்டுப் பனிப்புயலில் ஜாக்கி ஏறத்தாழ 62 மணிநேரம் கூட்டை விட்டு எழாமல் முட்டைகளின் மேலேயே அமர்ந்திருந்தது. பனி அதன் முதுகை மூடியது. அந்த ஆண்டு முட்டை எதுவும் பொரிக்கவில்லை. 2025-இல் மூன்று குஞ்சுகள் பொரித்தன. ஒன்று மார்ச் மாதப் பனிப்புயலில் இறந்தது. எஞ்சிய இரண்டும் ஜூன் மாதத்தில் பறந்து சென்றன.

ஒரு பறவை முட்டையின் மேல் அசையாமல் அமர்ந்திருப்பதை இத்தனை பேர் இத்தனை நேரம் பார்த்திருப்பது வெறும் பொழுதுபோக்குத்தானா? இக்கேள்விக்கு விடை காண, இணையத்திற்கு வெகுகாலம் முன்னதாகவே தொடங்கிவிட்ட வரலாறு ஒன்றைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று நாம் கருதுகிறோம். கழுகுக்கூட்டை மனிதர் உற்றுநோக்கிய வரலாறு அது. அதன் நடுவில் பொரிக்காத முட்டை ஒன்று கிடக்கிறது.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இப்பறவையின் ஆங்கிலப் பெயரைப் பார்த்துச் சிலர் 'மொட்டைக் கழுகு' என்று எழுதுகின்றனர். அப்பெயரில் உள்ள சொல்லின் பழைய பொருள் வெண்மை என்பதே. நான்கைந்து வயதில் பருவமெய்தும்போது தலையும் வாலும் வெளுக்கின்றன. ஆகவே வெண்தலைக் கழுகு என்பதே பொருந்தும். வட அமெரிக்காவின் நீர்நிலைகளை ஒட்டி வாழ்ந்து, பெரும்பாலும் மீனையே உண்பது. ஒருமுறை கட்டிய கூட்டை ஆண்டுதோறும் புதுக்குச்சிகள் சேர்த்துப் பெருக்கிக்கொண்டே போவது இதன் இயல்பு.

1782-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் தம் அரசு முத்திரையில் இக்கழுகின் உருவத்தைப் பொறித்தன. முத்திரையில் ஏறிய பறவைக்கு மண்ணில் மதிப்பிருந்ததா என்றால் இல்லை. கோழியைத் தூக்கும், ஆட்டுக்குட்டியைத் தூக்கும் என்று பண்ணையாளர் சுட்டனர். அலாஸ்காவிலோ அது சால்மன் மீன்களைத் தின்று தொழிலைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டின் பேரில், 1917 முதல் கொன்ற கழுகு ஒவ்வொன்றிற்கும் அரசே வெகுமதி வழங்கியது. 1950-களின் தொடக்கம் வரை நீடித்த இவ்வழக்கத்தால் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட கழுகுகள் கொல்லப்பட்டன. 1940-இல் கழுகைக் காக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோதும் அலாஸ்காவிற்கு விலக்களித்தே இயற்றியது. சின்னமாக வணங்குவதும் உயிராகக் கொல்வதும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் நடந்தன. அதில் முரண் இருப்பதாகப் பெரும்பாலோர்க்குத் தோன்றவும் இல்லை.

அந்தக் காலத்திலேயே கழுகை வேறு விதமாகப் பார்க்க முனைந்தவர் ஒருவர் உண்டு. கிளீவ்லாந்து நகரின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்த ஃபிரான்சிஸ் ஹோபார்ட் ஹெரிக். பறவைகளின் குடும்ப வாழ்வை அறிய, கூட்டருகே சிறு கூடாரம் அமைத்து அதனுள் மறைந்திருந்து பார்க்கும் முறையை 1901-இல் வெளியிட்ட தம் நூலில் அவர் விளக்கியிருந்தார். சிறு பறவைகளுக்கு அம்முறை போதும். உயர்ந்த மரத்தின் உச்சியில் வாழும் கழுகிற்கு எப்படிப் போதும்? 1920-களில் ஒகையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையை ஒட்டிய வெர்மில்லியன் என்னும் ஊரருகே, கூட்டின் மட்டத்திற்கு எஃகுக் கோபுரம் எழுப்பி, அதன் உச்சியில் மறைவிடம் அமைத்தார். நாட்கணக்கில் அதில் அமர்ந்து, எந்தப் பறவை எப்போது வந்தது, என்ன இரை கொணர்ந்தது, குஞ்சு எவ்வாறு சிறகடித்துப் பழகியது என்றெல்லாம் குறித்தார். அங்கிருந்த 'பெருங்கூடு' முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கழுகுகள் கட்டிப் பெருக்கியது. 1925-இல் புயலில் மரத்தோடு சாய்ந்தபோது அதன் எடை ஏறத்தாழ இரண்டு டன் இருக்கும் என்று கணக்கிடப்பட்டது. இந்த அவதானிப்புகளின் பயனாக 1934-இல் அமெரிக்கக் கழுகைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. இன்றைய நேரலைக் கேமராவின் மூதாதை எதுவென்று கேட்டால் நாம் ஹெரிக்கின் கோபுரத்தையே காட்டுவோம். கண் மட்டும் மாறியிருக்கிறது. கண்ணை வைத்த இடம் மாறவில்லை.

ஹெரிக் ஒரு சில கூடுகளை ஆழ்ந்து பார்த்தார். சார்ல்ஸ் புரோலி பல கூடுகளைத் தொடர்ந்து பார்த்தார். கனடாவின் வின்னிபெக் நகரில் வங்கி அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர் இவர். 1939-இல், அறுபதை நெருங்கிய வயதில், புளோரிடாவின் மேற்குக் கரையில் கழுகுக் குஞ்சுகளின் கால்களில் வளையமிடத் தொடங்கினார். கயிற்றேணி கட்டி மரமேறி, கூட்டை எட்டி, குஞ்சைப் பிடித்து வளையம் பூட்டவேண்டும். தொடக்க ஆண்டுகளில் சுமார் 125 கூடுகளிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 150 குஞ்சுகளுக்கு அவர் வளையமிட்டார். 1947-இலிருந்து நிலைமை மாறியது. கூடுகள் இருந்தன, கழுகுகளும் இருந்தன, குஞ்சுகளைக் காணோம். 1957-இல் கழுகுகள் தங்கியிருந்த 43 கூடுகளை அவர் பார்த்தார். அவற்றுள் ஏழில் மட்டுமே குஞ்சுகள், மொத்தம் எட்டு. 23 கூடுகளில் முட்டைகள் இருந்தும் பொரிக்கவில்லை. 1958-இல் நூறு மைலுக்கு மேல் கடற்கரையில் அலைந்து அவரால் ஒரே ஒரு குஞ்சுக்குத்தான் வளையமிட முடிந்தது.

ஓர் ஆண்டு முட்டை பொரிக்கவில்லையெனில் அது இயற்கை. பத்தாண்டுகளாகக் கடற்கரை முழுவதும் பொரிக்கவில்லையெனில் அதற்குக் காரணம் வேறு இருக்கவேண்டும். இவ்வேறுபாட்டை அறிவதற்கு அறிவியல் பட்டம் தேவைப்படவில்லை. அதே கூடுகளுக்கு ஆண்டுதோறும் திரும்பிச் சென்று எண்ணி எழுதிவைக்கும் பொறுமை தேவைப்பட்டது. டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியே காரணமாக இருக்கலாம் என்று புரோலி 1958-இல் எழுதினார். மறு ஆண்டே இறந்துவிட்டார். அவருடைய எண்ணிக்கைகளை ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியான 'மௌன வசந்தம்' நூலில் எடுத்தாண்டார். அந்நூலின் புகழ் அறிவோம். அதற்குள் ஒரு முதியவரின் மரமேற்றங்கள் இருப்பதையும் அறிதல் தகும்.

டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1939-இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்திருந்தது. மலேரியாவிலிருந்தும் டைஃபஸிலிருந்தும் எண்ணற்ற உயிர்களை அது காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அது எளிதில் சிதையாது. நீரிலிருந்து சிற்றுயிர்க்கும், சிற்றுயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கழுகிற்கும் செல்லும்போது படிக்குப் படி செறிவு கூடுகிறது. அதன் விளைபொருளான டி.டி.இ., பறவையின் உடலில் முட்டையோட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேர்வதைத் தடுக்கிறது. ஓடு மெலிந்துவிடுகிறது. அடைகாக்க அமரும் தாயின் எடையைத் தாங்காமல் முட்டை நொறுங்குகிறது. காக்க அமர்ந்த உடலே அழிக்கும் உடலாகிவிடும் இந்நிலையை அத்தாய்ப்பறவை அறிய வழியேதுமில்லை.

இதற்கான சான்று வந்த இடமும் வியப்பிற்குரியது. 1967-இல் பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்பவரும், 1968-இல் அமெரிக்காவில் ஜோசஃப் ஹிக்கி, டேனியல் ஆண்டர்சன் இருவரும், பழைய முட்டைச் சேகரிப்புகளை எடுத்து ஓட்டின் எடையையும் தடிமனையும் ஒப்பிட்டனர். 1940-களின் பின்பகுதியிலிருந்து ஓடுகள் மெலிந்திருந்தன. ஒரு காலத்தில் பேராசையோடு கூடுகளைக் கொள்ளையிட்டவர்களின் பெட்டிகள், தாம் அறியாமலே, பிற்காலத்திற்குச் சாட்சி சொல்லின.

1963-இல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்கப் பெருநிலத்தில் கூடுகட்டும் இணைகள் 417 மட்டுமே இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. 1972-இல் டி.டி.டி.யின் பயன்பாடு அந்நாட்டில் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டது. மீட்சி மெல்ல வந்தது. 2007-இல் அழிவுக்குள்ளாகும் உயிர்களின் பட்டியலிலிருந்து கழுகு நீக்கப்பட்டபோது இணைகள் 9,789. 2021-இல் வெளியான மதிப்பீட்டின்படி 71,400. முத்திரையில் ஏறி 242 ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில்தான் அது சட்டப்படி நாட்டின் தேசியப் பறவையாயிற்று.

தடை வந்தவுடன் நஞ்சு மறைந்துவிடவில்லை என்பதற்குக் கலிஃபோர்னியாவின் சேனல் தீவுகளே சான்று. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே மான்ட்ரோஸ் கெமிக்கல் நிறுவனத்தின் தொழிற்சாலை, 1940-களின் இறுதியிலிருந்து 1971 வரை டி.டி.டி. கலந்த கழிவை நகரச் சாக்கடை வழியே கடலில் சேர்த்தது. நூற்றுக்கணக்கான டன் கடலடிச் சேற்றில் படிந்தது. தீவுகளிலிருந்து கழுகுகள் அறவே மறைந்தன. 1980-இல் சாண்டா கேட்டலினா தீவில் மீண்டும் கழுகுகளைக் கொணர்ந்து விட்டனர். அவை வளர்ந்து இணைசேர்ந்து முட்டையிட்டன. முட்டைகள் உடைந்தன. எனவே ஆய்வாளர்கள் கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்துவிட்டுப் பொய்முட்டைகளை வைத்தனர். எடுத்தவற்றைச் செயற்கைச் சூட்டில் பொரிக்கவைத்து, குஞ்சுகளைத் திரும்பக் கூட்டில் சேர்த்தனர். பொய்முட்டைமேல் பொறுமையாக அமர்ந்திருந்த பெற்றோர், வந்த குஞ்சைத் தம்முடையதாகவே ஏற்று வளர்த்தன. இப்படியே ஆண்டுகள் கழிந்தன. 2006-இல் பக்கத்திலுள்ள சாண்டா குரூஸ் தீவில், ஐம்பதாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், மனிதக் கை படாமல் ஒரு குஞ்சு பொரித்தது. அக்கூட்டை நோக்கியும் ஒரு கேமரா வைக்கப்பட்டது.

இணையக் கேமராவின் பிறப்பு மிக எளியது. 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தார், காப்பிக் குடுவையில் காப்பி மீதமிருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க ஒரு கேமரா வைத்தனர். 1993-இல் அக்காட்சி இணையத்திற்கு வந்தது. அந்தச் சோம்பேறித்தனத்தின் குழந்தை 2006-இல் கனடாவின் ஹார்ன்பி தீவில் ஒரு கழுகுக்கூட்டைக் காட்டியபோது, உலகெங்கும் மக்கள் திரண்டு பார்த்தனர். அவ்வாண்டு அங்கே முட்டைகள் பொரிக்கவில்லை. பார்த்தவர் துக்கம் காத்தனர். 2011-இல் அயோவா மாநிலத்தின் டெகோரா ஊர்க்கூடு கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது.

பார்ப்போர் பெருகவே, பார்த்தலின் அறம் பற்றிய கேள்வியும் எழுந்தது. 2014-இல் மின்னசோட்டா மாநில இயற்கைவளத் துறையின் கேமராவில் ஒரு குஞ்சு அடிபட்டுத் துன்புறுவது தெரிந்தது. இயற்கையில் குறுக்கிடுவதில்லை என்று முதலில் கூறிய துறை, மக்களின் வற்புறுத்தலால் குஞ்சை இறக்கியது. காயம் தீராதது என்று கண்டு அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. 2016-இல் பிட்ஸ்பர்க் நகரக் கூட்டிற்குக் கழுகு ஒரு பூனையை இரையாகக் கொணர்ந்தபோது பார்த்தவர்கள் அதிர்ந்தனர். மீனைக் கிழித்தபோது அதிராதவர்கள் அவர்கள். 2023-இல் அதே மின்னசோட்டாத் துறையின் கேமராவுக்கு எதிரே, பனியின் பாரம் தாங்காமல் கூடு குஞ்சோடு சரிந்து விழுந்தது. ஹெரிக்கின் பெருங்கூட்டிற்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேர்ந்தது. ஏதும் செய்ய இயலாமல் பார்த்தவர்கள் இம்முறை பல்லாயிரவர்.

குறுக்கிடாமல் பார்ப்பது ஓர் ஒழுக்கம் என்பதை நாம் ஏற்கிறோம். பனியில் இறக்கும் குஞ்சைக் காக்க மரமேறுவது அன்புபோல் தோன்றினும், பெற்றோரைக் கூட்டைவிட்டு விரட்டிவிடக்கூடும். ஆனால் அதே ஒழுக்கத்தைக் கேட்டலினாத் தீவுக்குப் பொருத்தினால் என்னவாகும்? அங்கே முட்டையை உடைத்தது பனியன்று, காகமன்று. மனிதர் கடலில் கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அது ஒழுக்கமாகாது, உடந்தையாகும். ஆகவே கூட்டைப் பார்ப்பவர் முதலில் அறியவேண்டியது இது: இந்த முட்டை ஏன் பொரிக்கவில்லை? இயற்கையாலா, நம்மாலா?

இவ்வினாவிற்குக் கேமரா மட்டும் விடை சொல்லாது. அது கூட்டின் விளிம்போடு நின்றுவிடுகிறது. கடலடிச் சேற்றை அது காட்டாது. வேட்டைக்காரர் விட்டுச்சென்ற இரையில் தங்கிய ஈயக்குண்டையும் காட்டாது. 38 மாநிலங்களின் கழுகுகளைச் சோதித்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றுள் ஏறத்தாழப் பாதியில் நாட்பட்ட ஈய நஞ்சு இருப்பதைக் கண்டது. திரையில் கம்பீரமாக அமர்ந்திருக்கும் பறவையின் எலும்பிலும் அது இருக்கலாம். பெயர்சூட்டி நேசிக்கப்படும் ஒரு கழுகு, பெயரற்ற ஆயிரம் கழுகுகளை மறைத்துவிடும் ஆபத்தும் உண்டு. புரோலி தாம் வளையமிட்ட குஞ்சுகளை நேசிக்காமலில்லை. ஆயினும் அவருக்கு எண்ணத் தெரிந்திருந்தது. கழுகினத்தைக் காத்ததில் அந்த எண்ணிக்கைக்கும் பங்குண்டு.

நேரலையைப் பார்ப்போரிலும் அத்தகையோர் இருக்கின்றனர். முட்டையிட்ட நாள், பொரித்த நேரம், இரையின் வகை, இரவில் எது அடைகாத்தது என்று ஊதியமின்றிக் குறித்துவைப்போர். சுமார் 35 நாள் அடைகாப்பில் கழுகு முட்டையைப் புரட்டும் ஒவ்வொரு முறையையும் கூடக் குறிப்போர் உண்டு. பார்ப்பவருள் பலர் சில வாரங்கள் அழுது, சிரித்து, மறந்துவிடுவர். அதில் தவறில்லை. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் திரும்பி வந்து எழுதிவைக்கும் சிலரே ஹெரிக்கின் கோபுரத்தில் அமர்ந்திருக்கிறார்கள். மீண்டுமொரு நஞ்சு ஓசையின்றி முட்டையோட்டை மெலியவைக்குமாயின், அதை முதலில் அறியப்போவதும் அவர்களே.