தோசைக்கல்லும் டிஸ்க் ப்ரேக்கும்

புதுசா வாங்கின இரும்பு தோசைக்கல்லில் முதல் தோசை ஒழுங்கா வராது என்பது எல்லார் வீட்டிலும் தெரிஞ்ச விஷயம். எண்ணெய் தடவி, காய வச்சு, பாதி வெங்காயத்தால தேய்ச்சு, நாலஞ்சு தோசையைப் பலி கொடுத்த பிறகுதான் கல்லு பழகும். பழகின பிறகும் இரும்பு அதே இரும்புதான். மேலே கருப்பா ஒரு மெல்லிய படலம் மட்டும் புதுசா வந்திருக்கும். தோசை ஒட்டுறதும் ஒட்டாததும் அந்தப் படலத்தோட கையில்.

ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது டிஸ்க்கும் புது பேடும் மாட்டினாலும் இதே கதைதான். மாட்டின உடனே முழு வேகத்தில் போய் முழு பலத்தோட அழுத்தினா நிக்கும்னு நம்ப முடியாது. முதல்ல பழக்கணும். இதுல ரெண்டு விஷயம் நடக்குது. பேட் என்பது இழைகள், உலோகத் தூள், இன்னும் பலதைப் பிசின் போட்டு இறுக்கின கட்டி. முதல் தடவை நல்லா சூடாகும்போது அந்தப் பிசின்ல இருந்து வாயு கிளம்பும். அது பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல புகுந்து, கொஞ்ச நேரத்துக்கு ப்ரேக்கே இல்லாத மாதிரி பண்ணிடும். இதைப் பதமான சூட்டில், படிப்படியா வெளியேத்தணும். ரெண்டாவது, பேடில் இருந்து மிக மெல்லிய ஓர் அடுக்கு டிஸ்க் மேல் சீரா ஏறணும். ஏறின பிறகு பேட் வெறும் வார்ப்பிரும்போடு மட்டும் உரசுவதில்லை, தன்னோட பொருளோடயே உரசுது. பிடிமானத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான்.

ஆக, பட்டறையில் இருந்து வர்ற டிஸ்க் பாதி ப்ரேக்தான். மீதியை ஓட்டுறவன் ரோட்டில் செஞ்சு முடிக்கணும். இந்தக் கண்ணோட சரித்திரத்தைத் திருப்பிப் பார்த்தா, டிஸ்க் ப்ரேக் வர ஏன் இத்தனை வருஷம் ஆச்சுன்னு புரியுது.

ஃப்ரெடரிக் லான்செஸ்டர் என்ற பர்மிங்ஹாம் எஞ்சினியர் 1902லேயே டிஸ்க் ப்ரேக்குக்குக் காப்புரிமை வாங்கிட்டார். சக்கரத்தோட சுத்துற ஒரு தட்டு, அதை ரெண்டு பக்கமும் கவ்வுற தாடை. இன்னிக்கு இருக்கிற அதே யோசனை. ஆனா தாடைக்கு உள்ளே அவர் வச்சது செம்பு. உலோகத்து மேல உலோகம் உரசினா என்ன ஆகும்? தெருவே காதைப் பொத்திக்கிற கிறீச்சல். அவரோட யோசனையில் தப்பில்லை, அவர் சேர்த்து வச்ச ஜோடிதான் தப்பு.

ஜோடியைக் கண்டுபிடிக்கிற வேலையில் இறங்கினவர் ஹெர்பர்ட் ஃப்ரூட். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சரிவுகளில் வண்டிக்காரங்க பழைய பூட்ஸ் தோலை ப்ரேக் கட்டையில் வச்சு இறங்கினதைப் பார்த்துதான் அவருக்குப் பொறி தட்டியதுன்னு ஒரு கதை உண்டு. 1897ல் ஆரம்பிச்ச அவரோட தொழில்தான் ஃபெரோடோ. அவரோட ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் ப்ரேக்கோட சத்தத்தையும் அடக்கியது, சூட்டையும் தாங்கியது. அந்தத் தூசி தொழிலாளிகளோட நுரையீரலை என்ன பண்ணுச்சு என்பது தனியா எழுத வேண்டிய சோகம். பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸை முழுசா தடை பண்ணினது 1999ல்தான். ப்ரேக் பிடிச்ச ஒவ்வொரு தடவையும் நாம தப்பிச்சோம், யாரோ ஒருத்தர் விலை கொடுத்தார்.

நல்ல லைனிங் கிடைச்சதும் கார் உலகம் டிரம் ப்ரேக்கோட திருப்தியா செட்டில் ஆயிடுச்சு. பிரச்சினை வேகம் கூடினப்போதான் வந்தது. டிரம் சூடானா விரியும், விரிஞ்சா உள்ளே இருக்கிற ஷூவை விட்டு விலகிப் போகும். பெடல் கீழே கீழே போகும். டிஸ்க் சூடானா தடிக்கும், அதாவது பேடை நோக்கி வரும். காத்தும் நேரா அது மேல படும்.

ஒரு சின்ன கணக்கு. ஆணி கம்மியா இருந்த ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். பிரான்ஸ் லு மான் பந்தயத்தில் மல்சான் நேர்சாலை கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர், முடிவில் இறுக்கமான வளைவு. ஒரு டன் எடையுள்ள கார் 240 கிலோமீட்டர் வேகத்தில் வந்து 60க்கு இறங்கணும்னு வச்சுக்குவோம். கழிக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 20 லட்சம் ஜூல். ஆறரை லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். அதுவும் சில நொடிகளில். ஒவ்வொரு சுற்றுக்கும். 24 மணி நேரம்.

ஜாகுவாரும் டன்லப்பும் விமானச் சக்கரங்களில் பழகின டிஸ்க்கை ஸி-டைப் பந்தயக் காருக்குக் கொண்டு வந்தது இதுக்குத்தான். டெஸ்ட் டிரைவர் நார்மன் டீவிஸ் மாசக்கணக்கில் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். சூட்டில் ப்ரேக் ஆயில் கொதிச்சு, பெடல் வெறுமனே தரையைத் தொட்ட அனுபவமெல்லாம் உண்டு. நம்ம பொட்டி தட்டுற தொழிலில் பக் வந்தா ஸ்கிரீன் நீலமாகும், அவ்வளவுதான். அந்த மனுஷனுக்கு பக் வந்தா எதிரே மரம் வரும். 1952 மில்லே மிலியாவில் ஸ்டிர்லிங் மாஸோட பக்கத்து ஸீட்டில் டீவிஸே உட்கார்ந்து போனார். முடிக்க முடியலை. அதே வருஷம் ஜூனில் ரீம்ஸில் மாஸ் ஜெயிச்சார்.

1952 லு மானில் டிரம் ப்ரேக் வச்ச மெர்சிடிஸ் ஜெயிச்ச சராசரி வேகம் மணிக்கு 155 கிலோமீட்டர் சொச்சம். அடுத்த வருஷம் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஓட்டின டிஸ்க் ப்ரேக் ஜாகுவார் 170ஐத் தாண்டுச்சு. மொத்தப் பெருமையையும் டிஸ்க்குக்கே கொடுக்கிறவங்க உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரோட எடையையும் குறைச்சிருந்தாங்க, கார்புரேட்டரையும் மாத்தியிருந்தாங்க. ஆனா மத்தவங்க 24 மணி நேரமும் ப்ரேக்கைச் சேமிச்சு ஓட்ட, இவங்க ஒவ்வொரு வளைவிலும் தள்ளிப் போய் அழுத்தினாங்க. அது சாதாரண விஷயமில்லை.

மெர்சிடிஸ் விட்டுக் கொடுக்கலை. 1955ல் டிரம்மோடயே வந்து, டிரைவருக்குப் பின்னாடி ஒரு பெரிய பலகையை நிமிர்த்திக் காத்தைப் பிடிச்சு வேகம் குறைச்சாங்க. அந்த வருஷம் ஜூன் 11ல் நடந்தது எல்லாருக்கும் தெரியும். மைக் ஹாதார்ன் தன் ஜாகுவாரை பிட்டுக்காக ப்ரேக் பிடிச்சார், பின்னால் வந்த லான்ஸ் மாக்ளின் விலகினார், அவர் மேல் லெவேயோட மெர்சிடிஸ் ஏறிப் பறந்து கூட்டத்துக்குள் விழுந்தது. 80க்கு மேல் சாவு. விசாரணை எந்த டிரைவரையும் குற்றவாளி ஆக்கலை. இடமில்லாத பழைய ட்ராக், அதில் வேகம் மாறுபட்ட கார்கள்.

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சது இதுக்கு மூணு வருஷம் கழிச்சு நடந்தது. என்ஸோ ஃபெராரிக்கு டிஸ்க் மேல நம்பிக்கையே கிடையாது. 1958லயும் அவர் பந்தயக் கார்கள் டிரம்தான். அவர் டீமில் ஓட்டின பீட்டர் காலின்ஸ், தான் சொந்தமா வச்சிருந்த ஃபெராரி 250 ஜிடிக்கு மட்டும் டன்லப் டிஸ்க் போட்டுக்கிட்டார். முதலாளி கொடுத்த பந்தயக் காரில் பழைய ப்ரேக், கடைக்குப் போற காரில் நல்ல ப்ரேக்! ஆகஸ்ட் 3ல் நூர்பர்க்ரிங்கில், டிஸ்க் ப்ரேக் வச்ச வான்வாலைத் துரத்திப் போன காலின்ஸ் ட்ராக்கை விட்டுப் பறந்து செத்துப்போனார். ப்ரேக்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவரோட உயிர் நண்பன் ஹாதார்ன் அதுக்கப்புறம் சும்மா இருக்கலை. காலின்ஸோட சொந்தக் காரில் இருந்த டிஸ்க்குகளைக் கழட்டி, தன் பந்தயக் காரில் மாட்ட வச்சார். செப்டம்பரில் மான்ஸாவில் அதோட ஓடி ரெண்டாவதா வந்தார். செத்துப்போன நண்பன் தெருவில் ஓட்டிப் பழக்கின டிஸ்க். வருஷக் கடைசியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் மாஸை முந்தி உலக சாம்பியன். 1959 ஜனவரியில் ஈர ரோட்டில் தன் ஜாகுவாரில் ஹாதார்னும் போய்ச் சேர்ந்தார். அதுல இருந்ததும் டிஸ்க் ப்ரேக்தான்.

அப்புறம் வேகமா பரவிடுச்சு. 1955லேயே ஸிட்ரோயென் டிஎஸ், 1956ல் ட்ரையம்ஃப் டிஆர்3, 1963ல் போர்ஷே 356ஸி என்று தெருக்காருக்கே வந்தாச்சு. தெருவுக்கு வந்ததும் ஒரு புதுப் புகாரும் கூடவே வந்தது: ப்ரேக் பிடிச்சா ஸ்டீயரிங் நடுங்குது, டிஸ்க் வளைஞ்சு போச்சு. பந்தய எஞ்சினியர் கரோல் ஸ்மித் இதை அடிச்சுத் துவைச்சு ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பாலும் டிஸ்க் வளையறதே இல்லை, பேட் பொருள் திட்டுத்திட்டா ஒட்டியிருக்குன்னார். திட்டு இருக்கிற இடம் அதிகம் சூடாகும். 650 டிகிரியைத் தாண்டினா அங்கே இரும்பே சிமென்டைட் என்ற கடினமான பொருளா மாற ஆரம்பிக்கும். அப்புறம் எத்தனை பழக்கினாலும் போகாது. தோசைக்கல்லில் ஒரு ஓரம் மட்டும் காந்தல் பிடிச்ச மாதிரி.

திட்டு எப்படி வருது? சூடான ப்ரேக்கோட வண்டியை முழுசா நிறுத்தி, பெடலை அழுத்திக்கிட்டே இருக்கிறதால. பேட் அப்படியே முத்திரை குத்திடும். அதனாலதான் பழக்கும்போது நிறுத்தவே கூடாதுங்கிறாங்க. காலி ரோட்டில் 100ல் இருந்து 15, 20 வரைக்கும் நல்லா அழுத்திக் குறை, திரும்ப வேகம் எடு. எட்டு, பத்து தடவை. எண்ணிக்கை பேடுக்குப் பேடு மாறும், பெட்டிக்குள்ள இருக்கிற காகிதத்தில் போட்டிருக்கிறதைத்தான் கேட்கணும். நடுவுல பிசின் கருகுற வாசனை வரும், லேசா புகையும் வரும், பயப்பட வேண்டாம். முடிஞ்சதும் பத்து நிமிஷம் முடிஞ்ச வரைக்கும் ப்ரேக்கைத் தொடாம காத்து வாங்க ஓட்டணும். வீட்டுக்கு வந்ததும் ஹேண்ட்ப்ரேக் போடாம கியரில் நிறுத்திட்டு, ஆறின பிறகு சக்கரக் கம்பிகளுக்கு நடுவுல எட்டிப் பாருங்க. பளபளன்னு இருந்த டிஸ்க் சுத்தி வர ஒரே சீரா, நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மங்கியிருக்கும்.