மம்ரே மரத்தடியில் இந்தியப் பெரியோர்

நம் பங்கின் வரலாற்றை மூத்தோர் பலரும் இம்மலரில் எழுதுகிறார்கள். விவிலியமும் கலையும் பற்றி எழுதும்படி மலர்க்குழு எனக்குப் பணித்ததால், நான் பெரிதும் போற்றும் ஒரு கோட்டோவியத்தை எடுத்துக்கொள்கிறேன்.

நெதர்லாந்தை விட்டு வெளியே செல்லாத டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், 1656 முதல் 1661 வரையிலான ஆண்டுகளில் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து வரைந்தவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. டச்சுக் கம்பெனியின் கப்பல்கள் சூரத்திலும் நம் பழவேற்காட்டிலும் சரக்கேற்றிய காலம் அது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்று, ஒரு சாணுக்குள் அடங்கும் ஆசியத் தாளில் பழுப்பு மையால் வரையப்பட்டது. மரத்தடியில் நான்கு முதியோர் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். கைகளில் சிறு கோப்பைகள். தாடிக்கு மெல்லிய கீறல்கள், நிழலுக்கு நீர் கலந்த மை. அவ்வளவுதான், ஆனால் அவர்கள் பேசிக்கொள்வது நம் காதில் விழுகிறது!

அந்த அமர்வையே 1656-இல் செப்புத் தகட்டில் ஆபிரகாமின் விருந்தாக மாற்றினார் ரெம்பிராண்ட். தொடக்க நூல் 18-ஆம் அதிகாரம் நாம் அறிந்ததே: மம்ரே மரத்தடி, வெயில் நேரம், மூன்று வழிப்போக்கர், எதிர்கொண்டு ஓடும் முதியவர், கொழுத்த கன்று, வெண்ணெய், பால். ஐரோப்பிய ஓவியர் பலர் வானதூதரை மேசையருகே அமர்த்தினர். இவரோ இறைவனையே நரைத்தாடிப் பெரியவராக, நம் நாட்டு வழக்கப்படி, தரை விரிப்பில் அமர்த்திவிட்டார். ஆபிரகாம் கையில் குவளையோடு பணிந்து நிற்கிறார். கதவுக்குப் பின்னே சாரா. முதுகைத் திருப்பி வில்லோடு விளையாடும் சிறுவன் இஸ்மயேலுக்கு வந்தவர் யாரென்றே தெரியவில்லை. அந்நியரை விருந்தோம்பச் சொல்லும் எபிரேயர் 13:2-க்கு இதைவிடச் சிறந்த விரிவுரையை நான் கண்டதில்லை. வந்தவரை ஓம்பி, வருபவரை எதிர்நோக்குபவன் வானவர்க்கு விருந்தாவான் என்ற வள்ளுவர் வாக்கும் இப்படத்தருகே வைக்கத் தக்கது. பாலைநிலத்து முதுவரும் தமிழ்ப் பெரியாரும் சொன்ன ஒன்றை இந்தியத் தூரிகையின் துணையோடு ஒரு டச்சுக்காரர் வரைந்தார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இன்று நம் பங்கின் வாசலுக்கும் வழிப்போக்கர் வந்திருக்கிறார்கள். ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்து ஒற்றை அறையில் நால்வர் ஐவராகத் தங்கியிருக்கும் பிள்ளைகள் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போகிறார்கள். பங்குப் பேரவை மனம்வைத்து, மாதம் ஒரு ஞாயிறாவது பங்கு மன்றத்தில் பாய் விரித்து அவர்களுக்கு மதிய உணவு பரிமாற வேண்டும். பரிமாறுவோர் நம் மூத்த குடும்பத்தினராகவே இருக்கட்டும்.