டேக் என்னும் தொங்கல்

மூன்றே அரைக்கால் அங்குல அகலம், ஆறேகால் அங்குல நீளம். மேல் மூலைகள் இரண்டும் சாய்வாக வெட்டிய பழுப்பு அட்டை. உச்சியில் ஒரு துளை, அது கிழியாமலிருக்கச் சுற்றிலும் ஒரு காகித வளையம். காகிதக் கைவினைக்காரர்களிடம் இதற்கு எட்டாம் நம்பர் டேக் என்று பெயர். அக்டோபர் நெருங்கிவிட்டால் அமெரிக்காவில் பலர் இந்த அட்டையை மேசையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பழைய அகராதித் தாள், கறுப்புப் பூனை, பல்லிளிக்கும் பூசணிக்காய், மருந்துப் புட்டியின் லேபிள், சல்லாத்துணி, ரிப்பன், சின்னச் சாவி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி மை தேய்க்கிறார்கள். நூறு வருஷம் பெட்டியில் கிடந்த தோற்றம் வந்ததும், ஹாலோவீனுக்காக வாசலிலோ பரிசுப் பொட்டலத்திலோ தொங்கவிடுகிறார்கள்.

பேய்களின் ராத்திரிக்கும் பார்சலில் கட்டும் விலாசச் சீட்டுக்கும் என்ன உறவு? ‘டேக்’ என்ற சொல்லின் பின்னால் போனால் விடை கிடைக்கிறது.

இச்சொல் 1400 வாக்கில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. அப்போது அதற்குச் சீட்டு என்ற பொருளே இல்லை. அங்கியின் கீழ் ஓரத்தை அழகுக்காகக் கீறிவிடுவது அக்காலத்து மோஸ்தர். கீறிய ஓரத்திலிருந்து கூராகத் தொங்கும் துணித் துண்டுதான் டேக். சொல்லின் வேர் ஸ்காண்டிநேவியப் பக்கம் இருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். நார்வே, சுவீடன் மொழிகளில் இதே ஒலியுள்ள சொல்லுக்கு முள், கூர்முனை என்று பொருள். முள்ளின் பெயர் கூராகக் கத்தரித்த துணிக்கு வந்து, பிறகு கிழிசலுக்கும் கந்தலுக்கும் பரவியது. கந்தல் உடுத்திய கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘ராக்டேக்’ என்று ஏசுவது அந்த வழியில் வந்ததுதான்.

16ஆம் நூற்றாண்டில் இன்னொரு பொருள் சேர்ந்தது. உடுப்பை இழுத்துக் கட்டும் நாடாவின் நுனி பிரிந்துபோகாமல் மாட்டிய உலோக முனையையும் டேக் என்றார்கள். இன்று ஷூ லேசின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குழல் அதன் வாரிசு. நாடகம் முடியும்போது நடிகர் சபையைப் பார்த்துச் சொல்லும் கடைசி வசனமும் டேக் ஆயிற்று. இவை எல்லாவற்றிலும் இரண்டே கருத்துகள்தான் இருக்கின்றன: ஒன்று தொங்குவது, மற்றது நுனியில் இருப்பது. பெயரும் விலையும் விலாசமும் எழுதும் சீட்டு என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. ரயிலும் நீராவிக் கப்பலும் சரக்கை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தொடங்கிய காலம் அது.

அந்தச் சீட்டை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர்கள் காலணி தைக்கும் ஒருவரின் குடும்பத்தார். மெய்ன் மாநிலத்தில் பிரன்ஸ்விக் என்ற ஊரில் இருந்த ஆண்ட்ரூ டெனிசன்தான் அவர். அவர் மகன் ஆரனுக்கு பாஸ்டனில் நகைத் தொழில். நகை வைக்கும் அட்டைப் பெட்டிகளை ஐரோப்பாவிலிருந்து வரவழைப்பானேன் என்று, 1844இல் அட்டையை வாங்கிவந்து அப்பாவிடம் கொடுத்து வீட்டிலேயே பெட்டி செய்ய வைத்தார். தொழில் இன்னொரு மகன் எலிஃபலெட்டின் கைக்குப் போனபின் பெட்டியோடு சீட்டுகளும் சேர்ந்தன. பார்சல் சீட்டில் அப்போது ஒரு பெருங்குறை இருந்தது. கயிறு இழுபட்டால் துளை கிழியும், சீட்டு விழுந்துவிடும், மூட்டை எங்கே போகவேண்டும் என்று யாருக்கும் தெரியாது. துளையின் இருபுறமும் காகித வளையம் ஒட்டிப் பலப்படுத்தும் யோசனைக்கு எலிஃபலெட் 1863இல் காப்புரிமை வாங்கினார். கைவினை டேக்கின் உச்சியில் இன்றும் இருக்கும் வளையம் அதுவேதான். அந்தத் துளையின் மேல் ரிப்பனைப் போட்டு மூடாதவர்களை எனக்குப் பிடிக்கும். இத்தனை சின்னப் பொருளில் இத்தனை நல்ல யோசனை வெளியே தெரியவேண்டாமா?

அட்டைக்கும் ஒரு பூர்விகம் உண்டு. ‘மணிலா டேக்’ என்கிறார்களே, அது பிலிப்பைன்ஸின் மணிலா. அங்கே விளையும் அபாக்கா வாழை இனத்துச் செடி, அதன் நார் நம் ஊரில் பூத்தொடுக்கும் வாழைநாருக்கு ஒன்றுவிட்ட உறவு. கடல் தண்ணீரில் சீக்கிரம் மட்காத நார் என்பதால் கப்பல் கயிறெல்லாம் அதில்தான் திரித்தார்கள். அமெரிக்காவில் காகிதம் செய்யக் கந்தல் துணி கிடைக்காமல் தட்டுப்பாடு வந்தபோது, மாசசூசெட்ஸின் ஹாலிங்ஸ்வொர்த் குடும்பத்தார் நைந்துபோன கப்பல் கயிற்றை அரைத்துக் காகிதம் செய்து 1843இல் காப்புரிமை பெற்றார்கள். நீண்ட நார் உள்ள காகிதம், ஆகவே மடித்தாலும் இழுத்தாலும் எளிதில் கிழியாது. கந்தலின் பெயரைத் தாங்கிய சொல் கடைசியில் கந்தல் கயிற்றின் கூழுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

டெனிசன் கம்பெனி 1890களின் இறுதியில் மாசசூசெட்ஸின் ஃப்ரேமிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்தது. அதற்குள் அவர்கள் சரக்கில் க்ரேப் காகிதமும் வந்துவிட்டது. பண்டிகைதோறும் அதை விற்க வழி தேடியவர்கள் ஹாலோவீனைப் பிடித்துக்கொண்டார்கள். 1909இல் ‘போகி புக்’ என்று ஒரு சிறு கைந்நூல் போட்டார்கள். 1912இல் அடுத்தது வந்து, பிறகு ஏறக்குறைய ஆண்டுதோறும் 1930கள் வரை வெளிவந்தது. அறையை எப்படி அலங்கரிப்பது, சூனியக்காரி வேஷத்துக்கு உடுப்பை எப்படிச் செய்வது, விருந்துக்கு வந்தவர்களோடு என்ன விளையாடுவது எல்லாம் அதில் இருந்தது. ஆந்தை, பூனை, பிறைநிலா எல்லாம் கம்பெனியின் காகிதத்திலேயே கிடைத்தன. ஆரஞ்சும் கறுப்பும் சேர்ந்தால் ஹாலோவீன் என்று வீட்டுக்கு வீடு பதிந்ததில் இந்தக் கைந்நூல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. விலாசச் சீட்டையும் காகிதப் பேயையும் விற்றது ஒரே கடை. ‘விண்டேஜ்’ ஹாலோவீன் டேக் செய்பவர் அறிந்தோ அறியாமலோ டெனிசனின் இரண்டு சரக்கை ஒன்றாக ஒட்டுகிறார்.

ஹாலோவீன் என்ற பெயரில் பேய் எதுவும் கிடையாது. ‘ஹாலோ’ புனிதர், ‘ஈன்’ மாலை. நவம்பர் 1 புனிதர் அனைவருக்குமான திருநாள், அதன் முன்மாலை இது. அடுத்த நாள் இறந்தோருக்கானது. நம் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துப்போகும் அதே நவம்பர் 2தான். ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன இந்த இரவில், டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றும் வழக்கம் பூசணிக்காய்க்கு மாறியது.

‘போகி’ இன்னும் சுவையான சொல். நம் மார்கழிக் கடைசி போகிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளைகளைப் பயமுறுத்தும் பூதம் என்பது அதன் பொருள். இடைக்கால ஆங்கிலத்தில் ‘பக்’ என்றால் பயங்காட்டும் உருவம். போகி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பலர் துணிபு. அதே ‘பக்’ பின்னால் பூச்சியையும் குறித்தது. இரண்டும் ஒரே சொல்தானா என்பது இன்னும் முடிவாகவில்லை. நமக்கோ இது கேட்ட மாத்திரத்தில் புரிந்துவிடும். சாப்பிடாத குழந்தைக்குப் பூச்சி காட்டுகிறோம், பூச்சாண்டியைக் கூப்பிடுகிறோம். கண்ணன் மற்றப் பிள்ளைகளை மிரட்டும் ‘அப்பூச்சி காட்டுதல்’ என்ற விளையாட்டைப் பெரியாழ்வார் ஒரு திருமொழியாகவே பாடியிருக்கிறார். எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள் பயத்துக்கும் பூச்சிக்கும் ஒரே ஒலியைக் கொடுத்திருப்பது தற்செயல்தான். தற்செயல் என்று தெரிந்தபிறகும் வியப்பு குறைவதில்லை.

இனி மேசைக்கு வருவோம். டேக் செய்வதில் நிதானம் வேண்டிய இடம் ஓரத்துக்கு மை தேய்ப்பது. பஞ்சுக் கட்டையில் பழுப்பு மையை எடுத்து, அட்டைக்கு வெளியிலிருந்து உள்நோக்கி வட்டமாகத் தேய்க்கவேண்டும். ஏன் ஓரம்? 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மரக்கூழ்க் காகிதம் பெருகியது. மரத்திலுள்ள லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டு நிறம் மாறும், மை ஊறாமலிருக்கச் சேர்த்த படிகாரம் அமிலமாகி நாரை அரிக்கும். புத்தகம் மூடியே இருப்பதால் காற்று முதலில் தொடுவது ஓரத்தை. ஆகவே நடுப்பக்கத்தில் மையை அப்பினால் அது பழமையாகத் தெரியாது, அழுக்காகத்தான் தெரியும். பழுத்த நிறத்தைப் பழுப்பு என்கிறது தமிழ். ‘விண்டேஜ்’ என்ற சொல்லும் திராட்சைப் பழம் பறிப்பதிலிருந்து வந்ததுதான்.

தேய்த்த மை நீரில் கரையும் சாயமாக இருந்தால் இன்னொரு வேலை செய்யலாம். விரலால் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுத்தால் துளி விழுந்த இடங்கள் மட்டும் வெளிறும். பூனை அச்சைக் கரையாத கறுப்பு மையில் குத்தியிருக்கவேண்டும். இல்லையென்றால் பூனையும் கரைந்துவிடும். கடைசியாகச் சல்லாத்துணி. அதைத் தேயிலை டிகாஷனில் முக்கிப் பிழிந்து, கத்தரிக்கோல் போடாமல் கையால் கிழிக்கவேண்டும். குறுக்கிழைகளை ஒவ்வொன்றாக உருவினால் நெடுக்கிழைகள் தொளதொளத்து ஒட்டடையாகும். அதைத் துளையில் கோத்துத் தொங்கவிட்டால், 1400இல் அங்கியின் ஓரத்தில் தொங்கிய டேக் திரும்பி வந்தாயிற்று. சொல்லின் முதற்பொருள் அகராதியில் வழக்கொழிந்துபோனாலும் இந்தக் கைவினையில் உயிரோடு இருக்கிறது. விலாசம் எழுதும் வேலை போய்விட்டதால்தான் அதற்கு இடம் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

தமிழில் இதை என்ன சொல்வது? திருப்பூரில் பனியனுக்கு டேக் அடிப்பவர்களுக்கு டேக் தமிழ்ச் சொல்லாகி எத்தனையோ வருஷமாயிற்று. துணியையும் அட்டையையும் இணைக்கும் அந்தப் பிளாஸ்டிக் இழைகூட 1960களில் டெனிசன் கம்பெனி கொண்டுவந்ததுதான். அங்கே சொல்லை மாற்ற ஒரு தேவையும் இல்லை. எழுத்தும் எண்ணும் உள்ளதைச் ‘சீட்டு’ என்றாலும் தகும். ஆனால் விலாசமும் விலையும் இல்லாமல் அழகுக்காகவே தொங்கும் இந்த ஹாலோவீன் அட்டைக்குத் ‘தொங்கல்’ என்ற சொல் பொருந்தும். தொங்கும் அணியையும் ஆடையின் முன்றானையையும் அது குறிக்கும். யாழ்ப்பாணத்தில் றோட்டுத் தொங்கல் என்றால் தெருவின் கடைக்கோடி. தொங்குவது, நுனியில் இருப்பது என்று டேக் சுமந்துவந்த இரண்டு பொருளும் அதில் இருக்கின்றன. ‘ஹாலோவீன் தொங்கல்’ என்று சொன்னால் அச்சொல்லைக் கேட்டுப் பழகிய காதுக்கு விளக்கம் தேவைப்படாது.