வால்வின் குறையும் கிட்டாரின் குரலும்

கிட்டார் பழகும் மாணவர் ஒருவர் கடைக்குச் செல்கிறார். காலால் மிதித்து இயக்கும் சிறிய பெடல் ஒன்றைக் காட்டி, "இதற்குள் இருபது ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன" என்கிறார் கடைக்காரர். இது எப்படி முடியும்? விடை காண வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

காந்தப் புலம் மாறினால் அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்று 1831-இல் ஃபாரடே கண்டார். சரியாக நூறாண்டு கழித்து, 1931-இல், அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் இவ்விதியைக் கிட்டாரில் புகுத்தினர். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் நுண்ணிய மின்னழுத்தம் பிறக்கும். அதைப் பெருக்கினால் ஒலி அரங்கை நிறைக்கும்.

நம் இசைக்கும் இது உதவியது. மாண்டலின் தந்தியின் ஒலி விரைவில் அடங்கிவிடும். கமகத்துக்கோ நீண்ட நாதம் தேவை. மின் மாண்டலினில் ஐந்து ஒற்றைத் தந்திகளைப் பூட்டி, கர்நாடக இசைக்கு அதை ஏற்றதாக்கினார் யு. சீனிவாஸ் (1969–2014).

தொடக்க காலப் பெருக்கிகளில் இருந்தவை வால்வுகள். அளவுக்கு மீறி முடுக்கினால் அலையின் முகடுகள் மழுங்கும். மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் தோன்றும். பொறியாளர்கள் இதைத் திரிபு என்று ஒதுக்கினர். கலைஞர்களோ அதையே விரும்பினர்! ஆனால் அந்த ஒலியைப் பெறப் பெருக்கியை உரக்க வைக்கவேண்டும். ஆவடியை அடுத்த கோவில்பதாகை போன்ற இடத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் இது நடக்குமா?

இங்கேதான் கணிதம் கைகொடுக்கிறது. பெடல், மின்னழுத்தத்தை நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. வால்வு அலையை எப்படி மழுக்குமோ, அப்படியே அந்த எண்களை மாற்றுகிறது. 1998-இல் வெளிவந்த லைன் 6 நிறுவனத்தின் 'பாட்' இம்முறையைப் பரவலாக்கியது. ஆக, பெட்டிக்குள் இருப்பவை இருபது பெருக்கிகள் அல்ல; இருபது கணக்குகள்!

வாங்குமுன் நீங்களே நான்கு சோதனைகள் செய்யலாம்.

முதலாவது, தாமதம். ஒலி ஒரு மீட்டர் செல்ல ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகும். பெடலின் தாமதம் 10 மில்லிநொடி என்றால், மூன்று மீட்டருக்கு அப்பாலுள்ள ஒலிபெருக்கியைக் கேட்பது போலிருக்கும். அதற்கு மேல் போனால் விரலுக்கும் செவிக்கும் பொருந்தாது.

இரண்டாவது, போலிச் சுரம். திரிபைக் கூட்டி, உச்ச சுரம் ஒன்றை மீட்டித் தந்தியை இழுங்கள். சுரம் மேலேற, வேறொரு மெல்லொலி கீழிறங்கினால், அளக்கும் வேகத்தின் பாதியை மீறிய மேற்சுரங்கள் திரும்பி மடிகின்றன என்று பொருள். கமகம் வாசிப்பவருக்கு இது பெருந்தொல்லை.

மூன்றாவது, ஒலிபெருக்கிப் பெட்டியின் சாயல். கிட்டார் ஒலிபெருக்கி 5,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியை மிகவும் குறைத்தே தரும். இச்சாயல் இல்லாத பெடல், ஹெட்ஃபோனில் வண்டு போல் இரையும்.

நான்காவது, கிட்டாரின் ஒலிக் குமிழைக் குறைத்துப் பாருங்கள். வால்வில் போலவே திரிபும் படிப்படியாகத் தணியவேண்டும்.

இவற்றில் தேறும் ஒரே ஒரு கணக்கு உள்ள பெடல், தேறாத இருபதைவிட மேல். எண்ணிக்கையை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள், செவியை நம்புங்கள்.